மூடிப்போன இங்க் பேனா பிராண்டை வாங்கி மறுபடி நடத்தணுமா? பேப்பர், செலவு, நாள் கணக்கு எல்லாம் இதுல இருக்கு

பழைய மெட்ராஸ் இங்க் பேனா பிராண்டு ஒண்ணை அதோட குடும்பத்துகிட்ட இருந்து வாங்கி, மறுபடி பேனா கடைஞ்சு விக்க ஆரம்பிக்க எனக்கு ரெண்டே கால் வருஷம் ஆச்சு. அதுல பேனாவுக்குன்னு போனது அஞ்சு மாசம்தான், மீதி எல்லாம் கையெழுத்து, வாரிசு சர்டிபிகேட், தப்பான ஆளுக்குக் குடுத்த அட்வான்ஸ், தப்பா போட்ட அப்ளிகேஷன்னு போச்சு. உங்களுக்கு அப்படிப் போகக் கூடாதுன்னுதான் எழுதறேன். பிராண்டு பேரைச் சொல்லல, ஏன்னா இதுல ஒரு குடும்பத்து விஷயம் நிறைய வருது. நான் வக்கீல் கிடையாது, அதனால டீட் (பேரை எழுதி மாத்திக் குடுக்கற பத்திரம்) எழுதறப்போ கண்டிப்பா ஒரு டிரேட்மார்க் வக்கீலை வெச்சுக்குங்க, ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்னென்ன கையில இருக்கணும்னு இதைப் படிச்சா தெரிஞ்சிடும்.

1. பேரு ரிஜிஸ்டர்ல எந்த நிலைமைல இருக்குன்னு பாருங்க

மத்திய அரசோட ஐபி இந்தியா வெப்சைட்ல டிரேட்மார்க் பப்ளிக் சர்ச் இருக்கு, காசு கிடையாது. பேனா, எழுதற இங்க் ரெண்டுமே 16-வது கிளாஸ்ல (பொருள் வகைல) வரும். பேரை ஒரே ஸ்பெல்லிங்ல தேடிட்டு விட்டுடாதீங்க, அந்தக் காலத்துல ஒரே பேரை மூணு விதமா எழுதியிருப்பாங்க, ஃபொனெடிக் சர்ச்சும் (உச்சரிப்பை வெச்சுத் தேடறது) போடுங்க, தமிழ்லயும் தேடுங்க. பழைய டீலர் யாராவது தன் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு.

வர்ற ரிசல்ட்டைப் பார்த்து அவசரப்படக் கூடாது. நிறைய பேர் "எக்ஸ்பயர் ஆயிடுச்சு, அப்போ ஃப்ரீதானே, நாமளே அப்ளை பண்ணிடலாம்"னு நினைக்கறாங்க. அப்படி இல்லங்க. ஒரு மார்க் 10 வருஷத்துக்குத்தான் செல்லும். முடிஞ்ச அப்புறம் 6 மாசத்துக்குள்ள லேட் ஃபீஸ் கட்டி ஓனர் ரினியூ பண்ணலாம், அதுவும் போனா 6 மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள ரெஸ்டோரேஷன் (மறுபடி ரிஜிஸ்டர்ல சேர்க்கறது) கேக்கலாம். ஆன்லைன்ல ரினியூவலுக்கு 9,000, ரெஸ்டோரேஷனுக்கு தனியா இன்னொரு 9,000. ரினியூ பண்ணாததால மார்க்கை எடுத்துட்டாங்கன்னாலும், எடுத்த தேதில இருந்து ஒரு வருஷம் வரைக்கும் அது ரிஜிஸ்டர்ல இருக்கற மாதிரிதான் உங்க அப்ளிகேஷனுக்கு குறுக்க நிக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. மார்க்கை எடுக்கறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரி ஆபீஸ்ல இருந்து ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பணும்னு சட்டம் சொல்லுது. அந்த நோட்டீஸ் அனுப்பாம எடுத்திருந்தா, பல வருஷம் கழிச்சுக் கூட பழைய ஓனர் ரினியூ பண்ண கோர்ட்டுங்க அனுமதி குடுத்திருக்கு. அதனால "ரிமூவ்ட்"னு போட்டிருக்கற மார்க்கும் திரும்பி வரலாம்னு மனசுல வெச்சுக்குங்க.

மார்க் உயிரோட இருக்கு, ஆனா ஓனர் வருஷக்கணக்கா பேனாவே விக்கலன்னா இன்னொரு வழி: ரிஜிஸ்டர்ல ஏறின நாள்ல இருந்து 5 வருஷத்துக்கு மேல தொடர்ந்து பயன்படுத்தாம இருந்தா, டிரேட்மார்க் சட்டம் 47-வது பிரிவுல டிஎம்-ஓ ஃபார்ம் போட்டு நீக்கச் சொல்லிக் கேக்கலாம், ஆன்லைன்ல 2,700. ஆனா ஓனர் குடும்பம் உயிரோட, பேசற நிலைல இருக்கறப்போ இந்த வழில போகாதீங்கன்னுதான் சொல்வேன். பேரை வேணா பிடுங்கிடலாம், அவங்க வீட்டுப் பரண்ல இருக்கற டை (நிப் அடிக்கற அச்சு), ரேட் லிஸ்ட், பழைய பில் எதுவும் உங்களுக்கு வராது. இந்தத் தொழில்ல அதுங்கதான் பேரை விட முக்கியம்.

2. யார் யார் கையெழுத்து போடணும்னு லிஸ்ட் எடுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ரூபா குடுக்காதீங்க

நான் கவுந்த இடம் இதுதான். பிராண்டை ஆரம்பிச்சவரோட மூத்த பையன்தான் கடைசி வரைக்கும் கடையப் பார்த்துக்கிட்டவர். "எல்லாம் என் பேர்லதான் தம்பி இருக்கு, நீ தைரியமா பண்ணு"ன்னு சொன்னார், நானும் நம்பி 75,000 அட்வான்ஸ் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு ரிஜிஸ்ட்ரேஷன் காப்பிய எடுத்துப் பார்த்தா ஓனர்ங்கற இடத்துல ஒரு பார்ட்னர்ஷிப் ஃபர்ம் பேர் இருக்கு, பிராண்டை ஆரம்பிச்ச பெரியவரும் அவர் மச்சானும் பார்ட்னர். மச்சான் 1990-கள்லயே தவறிட்டார், அவருக்கு ஒரு பொண்ணு கோயம்புத்தூர்ல. இந்தப் பக்கம் பெரியவருக்கே ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. "கல்யாணம் ஆகிப் போன பொண்ணுங்க கையெழுத்து எதுக்கு தம்பி"ன்னு அந்த மூத்த பையன் கேட்டார். அவர் மனசறிஞ்சு ஏமாத்தல, நிஜமாவே அப்படித்தான் நினைச்சிட்டிருந்தார். ஆனா உயில் இல்லாம தவறின இந்து ஆம்பளையோட சொந்த சம்பாத்தியத்துல மனைவி, பசங்க, பொண்ணுங்க, உயிரோட இருந்தா அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. ஒருத்தர் கையெழுத்து விட்டுப் போனாலும் நாளைக்கு அந்த டீட்ல ஓட்டை.

அதனால ஓனர் எந்த வகைன்னு பாருங்க. தனி ஆள்னா, அவர் இருந்தா அவர், இல்லன்னா தாசில்தார் குடுக்கற வாரிசு சர்டிபிகேட்ல இருக்கற அத்தனை பேரும். இது இ-சேவைல அப்ளை பண்ணலாம், இறப்பு சர்டிபிகேட், எல்லார் ஆதாரும் வேணும், எங்களுக்கு ஒண்ணு அஞ்சு வாரத்துல வந்துது, இன்னொண்ணு பேர்ல எழுத்துப்பிழைன்னு மூணு மாசம் இழுத்துது. பார்ட்னர்ஷிப்னா பதிவுத்துறைல ஃபர்ம் ரிஜிஸ்டர் காப்பி எடுங்க, பார்ட்னர்ஷிப் டீடும் கேளுங்க. டீட்ல வேற மாதிரி எழுதலன்னா ஒரு பார்ட்னர் தவறினதும் ஃபர்ம் கலைஞ்சிடும், அப்புறம் குட்வில் (பேருக்கு சேர்ந்திருக்கற நல்ல மதிப்பு) உட்பட ஃபர்ம் சொத்து எல்லாம் பார்ட்னர்ங்க, அவங்க வாரிசுங்கன்னு கணக்குக்கு வரும். பிரைவேட் லிமிடெட்னா எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) சைட்ல ஸ்டேட்டஸ் பாருங்க. "ஸ்ட்ரைக் ஆஃப்"னு (ரிஜிஸ்டர்ல இருந்து பேரை எடுத்துட்டாங்கன்னு) இருந்தா பழைய டைரக்டர் வீட்டுல உக்காந்து போடற கையெழுத்துக்கு மதிப்பே இல்ல, என்சிஎல்டி (கம்பெனி கேஸ் பார்க்கற தீர்ப்பாயம்) போய் கம்பெனியை ரெஸ்டோர் பண்ணணும், கெஸட்ல வந்ததுல இருந்து 20 வருஷத்துக்குள்ள கேக்கலாம்.

எனக்கு இந்த லிஸ்ட் முடியறதுக்குள்ள என்ன ஆச்சுன்னா, நான் முதல்ல போய் பேசறப்போ மார்க் முடிஞ்சு 8 மாசம், ரெஸ்டோரேஷனுக்கு இன்னும் 4 மாசம் இருந்துது. தப்பான ஆள்கிட்ட பேசினதுல அந்த 4 மாசம் போய் கடைசில 11 நாள்ல விட்டுட்டோம். நோட்டீஸ் ஒழுங்காத்தான் வந்திருக்கு, பழைய கடை அட்ரஸுக்கு வந்த கவரை பக்கத்து கடைக்காரர் வாங்கி, பிரிக்காம டிராயர்ல வெச்சிருந்தார். அந்தக் கவரை அவர் கையால குடுத்தப்போ எனக்குப் பேச்சே வரல. நீங்க செய்ய வேண்டியது, முடியற தேதி பக்கத்துல இருந்தா விலை பேசறதுக்கு முன்னாடியே குடும்பத்தை வெச்சு ரினியூ பண்ண வையுங்க, அந்த ஃபீஸை நீங்களே குடுத்தாலும் பரவாயில்ல.

அட்வான்ஸ்ல 50,000 ஏழு மாசம் கழிச்சு திரும்பி வந்துது. மீதியை நான் கேக்கல.

3. பழைய ஆதாரங்களைச் சேருங்க

குடும்பத்துகிட்ட பில் புக், பேரேடு, டீலருக்கு அனுப்பின ரேட் கார்டு, சேல்ஸ் டாக்ஸ் பேப்பர், எது இருந்தாலும் ஸ்கேன் பண்ணிக்குங்க. அவங்ககிட்ட இல்லன்னா தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய் பழைய பத்திரிகைல விளம்பரம் தேடுங்க, எழும்பூர் கன்னிமாரா லைப்ரரியும் பாருங்க. தேதியோட இருக்கற ஒரு விளம்பரம் பத்து பேர் சொல்ற வாய் வார்த்தைய விட பெரிசு.

பழைய பேனாவும் ஒரு நாலஞ்சாவது வாங்கி வெச்சுக்குங்க. பேனாவோட கட்டைல (உடம்புல) அடிச்ச பேர் தேய்ஞ்சு தெரியலன்னா வெள்ளை சாக்பீஸை லேசா தேச்சு, விரலால துடைச்சு, லைட்டை சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, பள்ளத்துல பவுடர் நின்னு எழுத்து மேல வரும். அப்படித்தான் எங்க பேனால பேருக்குக் கீழ "மெட்ராஸ்-1"னு இருந்ததே தெரிஞ்சுது, குடும்பத்துக்கே அது ஞாபகம் இல்ல.

4. யார் பேர்ல வாங்கறீங்கன்னு முடிவு பண்ணுங்க

சின்னதா சொல்லிடறேன். முதல்ல உங்க பேர்ல வாங்கி, அப்புறம் எல்எல்பியோ (பொறுப்பு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்) கம்பெனியோ ஆரம்பிச்சு அதுக்கு மாத்தினா மறுபடி ஒரு அசைன்மென்ட் (மார்க்கை இன்னொருத்தர் பேருக்கு மாத்தறது), மறுபடி 9,000. கூட்டாளி யாராவது வரப்போறாங்கன்னா இப்பவே எல்எல்பி போட்டுடுங்க. தனி ஆளுக்கு டிரேட்மார்க் அப்ளிகேஷன் ஆன்லைன்ல 4,500, கம்பெனி, எல்எல்பிக்கு 9,000, ஆனா உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிபிகேட் இருந்து சின்ன நிறுவனமா இருந்தா அவங்களுக்கும் 4,500தான். உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் முழுக்க இலவசம், காசு கேக்கற சைட் எல்லாம் புரோக்கர் சைட்.

5. அசைன்மென்ட் டீட்

மார்க்கை குட்வில்லோட வாங்கலாம், குட்வில் இல்லாமலும் வாங்கலாம். குட்வில்லோட வாங்குங்க. குட்வில் இல்லாம வாங்கினா 42-வது பிரிவுப்படி 6 மாசத்துக்குள்ள ரெஜிஸ்ட்ராருக்கு அப்ளை பண்ணி அவர் சொல்றபடி விளம்பரம் குடுக்கணும், அதைச் செய்யலன்னா அசைன்மென்ட்டே நிக்காது. ரிஜிஸ்டர் ஆகாத மார்க்கையும் டீட் போட்டு வாங்கலாம், நான் கடைசில வாங்கினது அப்படித்தான்.

டீட்ல இதெல்லாம் கண்டிப்பா வரணும்னு வக்கீல்கிட்ட சொல்லுங்க. பேரு, லோகோ, தமிழ்-இங்கிலீஷ் ரெண்டு எழுத்தும். பேனா, நிப், இங்க்னு பொருள் பேர் தனித்தனியா. பேர் அடிக்கற அச்சு, மரை போடற டூல், நிப் டை, ரேட் கார்டு, போட்டோ, இதையெல்லாம் ஒரு அட்டவணையா பின்னால சேருங்க, "மற்றும் இதர பொருட்கள்"னு ஒரு வரில முடிக்க விடாதீங்க. அந்தக் குடும்பம் அதே பேர்ல பேப்பர் கடையோ பாத்திரக் கடையோ நடத்தினா அது தொடரலாம், பேனா-இங்க் பக்கம் வரக்கூடாதுன்னு தெளிவா எழுதுங்க. எங்களுக்கு இந்த ஒரு வரிக்காக மூணு தடவை டீட் மாறிச்சு. அவங்க பேரப்பசங்க நடத்தற நோட்டுப் புத்தகக் கடைய மூடச் சொல்லுவோமோன்னு அவங்களுக்கு பயம் இருந்திருக்கு, நாங்க அதைப் புரிஞ்சிக்கவே நாள் ஆச்சு.

ஸ்டாம்ப் டியூட்டி எவ்வளவுன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுக் கட்டிடுங்க. பணத்தை ஒரே மொத்தமா குடுக்காதீங்க, ஒரு பங்கு கையெழுத்தன்னைக்கு, ஒரு பங்கு அச்சு, டூல் எல்லாம் கைக்கு வந்ததும், கடைசி பங்கு ரெஜிஸ்ட்ரி வேலை முடிஞ்சதும். எல்லாமே பேங்க் மூலமா, அவங்கவங்க பங்கு அவங்கவங்க அக்கவுண்டுக்கு. கோயம்புத்தூர் அக்காவுக்கு தனியா அவங்க அக்கவுண்டுல பணம் போனப்போதான், இத்தனை வருஷத்துல அப்பா தொழில்ல இருந்து எனக்குன்னு வந்த முதல் பணம்னு சொன்னாங்க.

6. ரெஜிஸ்ட்ரி வேலை

சென்னை டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரி கிண்டில ஜிஎஸ்டி ரோடு மேல இருக்கு, ஆனா முக்கால்வாசி வேலை ஆன்லைன்தான், கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து வேணும், எனக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு. வக்கீல் மூலமா போனா அவருக்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி கையெழுத்து போட்டுக் குடுக்கணும்.

மார்க் உயிரோட இருந்து வாங்கியிருந்தா டிஎம்-பி ஃபார்ம்ல உங்க பேருக்கு மாத்தணும், ஆன்லைன்ல ஒரு மார்க்குக்கு 9,000. இதுல பெரிய லாபம், பழைய பதிவுத் தேதி அப்படியே உங்களுக்கு வரும்.

மார்க் செத்துப்போயிருந்தா என்னை மாதிரி டிஎம்-ஏ போட்டு புதுசா அப்ளை பண்ணணும். அதுல எப்போதிருந்து பயன்படுத்தறீங்கன்னு ஒரு கேள்வி வரும். எனக்கு ஃபைல் பண்ணின ஏஜென்ட் "1961-ல இருந்து இன்னைக்கு வரைக்கும்"னு போட்டு, அஃபிடவிட்டும் டைப் பண்ணிட்டார். 2009-ல கடை மூடினதுக்கு அப்புறம் ஒரு பேனா விக்கல, அப்படி இருக்கறப்போ அது பொய் அஃபிடவிட். சரி, திருத்திடலாம்னு பார்த்தா, பயன்பாட்டுத் தேதியை அப்புறமா மாத்தறது எனக்கு சரியா வரல. அந்த அப்ளிகேஷனை வாபஸ் வாங்கி, "இனிமேல் பயன்படுத்தப்போறோம்"னு புதுசா போட்டேன், 4,500 போச்சு, அதோட ஏஜென்ட் ஃபீஸும் போச்சு. சப்மிட் பண்றதுக்கு முன்னாடி டிராஃப்டை நீங்களே ஒரு எழுத்து விடாம படிங்க.

அப்ளிகேஷனைப் பரிசோதிச்சு ஆட்சேபணை சொல்ற எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் ஈமெயில்ல வரும், கைக்கு வந்ததுல இருந்து ஒரு மாசத்துக்குள்ள பதில். ஏஜென்ட் ஈமெயிலை மட்டும் குடுத்துட்டு நிம்மதியா இருக்காதீங்க, வாரம் ஒரு தடவை நீங்களே அப்ளிகேஷன் நம்பர் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்க. ஓகே ஆனா ரெஜிஸ்ட்ரி வெளியிடற டிரேட்மார்க் ஜர்னல்ல வரும், அதுல இருந்து 4 மாசம் யார் வேணா எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தா, நோட்டீஸ் கிடைச்ச 2 மாசத்துக்குள்ள பதில் போடலன்னா அப்ளிகேஷன் கைவிட்டதா ஆயிடும். இந்த நாலு மாசத்துலதான் சில போலி லெட்டரும் வரும், அரசு முத்திரை மாதிரி ஏதோ போட்டு, "உங்க மார்க்குக்கு இவ்வளவு கட்டுங்க"ன்னு. எதுவும் கட்டாதீங்க. எனக்கு ரெண்டாவது அப்ளிகேஷன்ல இருந்து சர்டிபிகேட் வரைக்கும் 13 மாசம்.

சர்டிபிகேட் வர்ற வரைக்கும் பேனாலயோ பாக்ஸ்லயோ வட்டத்துக்குள்ள ஆர் போடக் கூடாது, சட்டப்படி தப்பு, டிஎம்னு போட்டுக்கலாம். பழைய அச்சுல அந்த வட்டம் இருக்கும், எங்க அச்சுலயும் இருந்துது, அதை ஒரு ஆள் உக்காந்து ராவி எடுத்துக் குடுத்தார்.

7. பேனா

அச்சு வார்த்து பிளாஸ்டிக் பேனா செய்யணும்னா மோல்டுக்கே லட்சக்கணக்குல போகும். சின்ன அளவுல ஆரம்பிக்கறவங்களுக்கு எபோனைட் (கெட்டியான ரப்பர்) கட்டையை லேத்துல கடையறதுதான் வழி, இந்த வேலை தெரிஞ்ச கைங்க சென்னை, திருவள்ளூர் பக்கம் இன்னும் இருக்கு. பட்டறைக்குப் போறப்போ பழைய பேனாவைக் கையில குடுத்து "இதே மாதிரி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மூடி மரை, கழுத்து மரை, நிப் உக்கார்ற ஓட்டை, மூணையும் அளந்து பேப்பர்ல குடுங்க. பழைய மரை அளவை மாத்தவே மாத்தாதீங்க. அமெரிக்கால எஸ்டர்புரூக் பிராண்டை 2018-ல வேற கம்பெனி எடுத்தப்போ, பழைய நிப் புது பேனால மாட்டற மாதிரி ஒரு அடாப்டர் குடுத்தாங்க, பழைய ஆளுங்க திரும்பி வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நம்பறேன்.

நிப்புக்கு சாத்தூர் ஒரு காலத்துல பேர் போன ஊர், பால் பாயின்ட் வந்து அந்தத் தொழிலையே அடிச்சிட்டுப் போயிடுச்சு. இப்ப உள்ளூர் நிப் வாங்கலாம், இல்ல ஜெர்மனில இருந்து ஜோவோ, பாக் நிப் இறக்கலாம். எதுவா இருந்தாலும் அப்படியே மாட்டி விக்காதீங்க, ஒவ்வொரு நிப்பையும் பூதக்கண்ணாடில பார்த்து, ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல இருக்கான்னு சரி பண்ணி, எழுதிப் பார்த்து அனுப்புங்க. ஒரு பேனாவுக்கு எனக்கு 20 நிமிஷம் ஆகுது.

லீக் டெஸ்ட் சென்னை வெயில்ல பண்ணுங்க. நேரா கட்டைல இங்க் ஊத்தற பேனால, இங்க் பாதிக்குக் கீழ போனதும் உள்ள காத்து அதிகமாயிடும், கைச்சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு இங்க்கைத் தள்ளும், நிப் முனைல ஒரு சொட்டு வந்து நிக்கும். நான் 12 பேனால கால்வாசி இங்க் வெச்சு, மே மாசம் மத்தியானம் சட்டைப் பாக்கெட்ல ப்ளாட்டிங் பேப்பர் மடிச்சு வெச்சுக்கிட்டு அம்பத்தூர்ல இருந்து கத்திப்பாரா வரைக்கும் வண்டில போய் வந்தேன். 12-ல 5 ஒழுகிச்சு. மூணு கழுத்து மரைல, அதுக்கு சிலிகான் கிரீஸ் போட்டதும் நின்னுது. ரெண்டுல ஃபீட் (நிப்புக்கு அடில இங்க் கொண்டு வர்ற துண்டு) சரியா உக்காரல, அந்த ஃபீடை வெந்நீர்ல முக்கி நிப்போட ஒட்டற மாதிரி அழுத்தினதும் சரியாச்சு. அந்த ஒரு நாள் வேலை பண்ணாம இருந்திருந்தா அஞ்சு பேர் சட்டை போயிருக்கும், அவங்க மறுபடி நம்ம பேரைத் தொடவே மாட்டாங்க.

8. ஜிஎஸ்டி, லேபிள், இறக்குமதி

தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் வித்தா பொருளுக்கு 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி எடுக்க வேண்டாம்னு இருக்கு, ஆனா வெளி மாநிலத்துக்கு ஒரு பேனா அனுப்பினாலும் வேணும், அதனால முதல்லயே எடுத்துடுங்க. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அரசு ஃபீஸ் இல்ல. வாடகை அக்ரிமென்ட், ஈபி பில், பான், ஆதார் போதும், ஈபி பில்லும் அக்ரிமென்ட்டும் ஒரே ஓனர் பேர்ல இருக்கான்னு பாருங்க, அதுலதான் நிறைய பேருக்கு திருப்பி அனுப்பறாங்க. எச்எஸ்என் (ஜிஎஸ்டில பொருளுக்குக் குடுக்கற கோட்) பேனாவுக்கு 9608, இங்க்குக்கு 3215.

பாக்ஸ்ல போட்டு விக்கறதால எடை அளவு சட்டமும் வரும். பேக் பண்றவர் பேர், முழு அட்ரஸ், பொருள் பேர், எண்ணிக்கை, மாசம் வருஷம், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, கஸ்டமர் போன், ஈமெயில், எல்லாம் பாக்ஸ் மேல இருக்கணும். பேக்கர் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 500, ஆரம்பிச்ச 90 நாளுக்குள்ள, தமிழ்நாட்டுல இதை தொழிலாளர் துறை பார்க்குது. நிப்பை வெளிநாட்டுல இருந்து இறக்கினா ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதி கோட்) எடுக்கணும், அதுவும் 500தான், ஆனா வருஷா வருஷம் ஏப்ரல்-ஜூன்ல அப்டேட் பண்ணணும், இல்லன்னா செயலிழந்துடும், கஸ்டம்ஸ்ல பார்சல் நிக்கறப்போதான் அது தெரியவரும்.

9. எனக்கு ஆன செலவு

குடும்பத்துக்கு மூன்றரை லட்சம். வக்கீலுக்கு டீட், அப்ளிகேஷன் எல்லாம் சேர்த்து 40,000. அரசு ஃபீஸ் தப்பா போட்டதையும் சேர்த்து 9,000. வராமப் போன அட்வான்ஸ் 25,000. சாம்பிள் பேனா, நிப், மரை டூல் சரிபண்ணினது 60,000. முதல் 100 பேனா, பாக்ஸோட, ஒரு லட்சத்து அறுபதாயிரம். உங்க கணக்குல இதுக்கு மேல ஆறு மாசத்து வீட்டுச் செலவை தனியா வெச்சுக்குங்க, ஏன்னா ஜர்னல் வர்ற வரைக்கும் பெரிய ஆர்டர் எடுக்க மனசு வராது.

10. விக்க ஆரம்பிச்ச முதல் மாசத்துக்குத் தயாரா இருங்க

புது பேனா வாங்கறவங்களுக்கு முன்னாடி, பழைய பேனாவைத் தூக்கிட்டு வர்றவங்கதான் வருவாங்க. எங்களுக்கு முதல் மாசம் வந்ததுல பாதிக்கு மேல அப்படித்தான், நிப் வளைஞ்சது, மூடி விரிசல் விட்டது, வெயில்ல கிடந்து கறுப்பு எபோனைட் பச்சையா மாறினது. "உங்க கம்பெனி பேனாதான் சார், சரி பண்ணித் தருவீங்களா"ன்னு கேப்பாங்க, அந்தப் பேனா செஞ்சப்போ நீங்க பிறந்திருக்கக் கூட மாட்டீங்க, ஆனாலும் இப்ப அது உங்க கம்பெனி பேனாதான். முதல் தடவை ஆர்டர் போடறப்பவே 30 நிப்பும் 20 ஃபீடும் ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வையுங்க, விக்கற பேனாவுக்கு அதுல கை வைக்காதீங்க. ரிப்பேருக்கு வாங்கறப்போ பேனாவை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஏற்கனவே இருக்கற விரிசலை சீட்டுல எழுதி, அவங்க கையெழுத்து வாங்கிக்குங்க. நாங்க சனிக்கிழமை மத்தியானம் ரிப்பேருக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கோம்.